தூக்கத்துக்கு என்று எழுதிய கவர்

மனநலப் பிரிவில் இனிமேல் குடும்பத்தாருக்கு வகுப்பு நடத்தப் போகிறோம் என்று புது டாக்டர் சொன்னபோது, பெரிய சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "நாற்காலி எங்கேருந்து வரும் டாக்டர்?" என்பதுதான். இருபத்தாறு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவருக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். இதற்கு முன்னால் வந்த டாக்டர்களும் ஆளுக்கொரு திட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள்தான். திட்டம் அலமாரிக்குப் போகும், டாக்டர் வேறு ஊருக்குப் போவார், சிஸ்டர் மட்டும் அதே மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பார்.

இந்த டாக்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. எட்டு சனிக்கிழமை, எட்டுப் பாடம். வீட்டில் ஒருவருக்கு வந்திருப்பது என்ன நோய், எதனால் வருகிறது, மாத்திரை என்ன செய்யும், மறுபடி வரப்போகிறது என்றால் முன்கூட்டியே என்ன தெரியும், அப்போது வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேச வேண்டும், எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்லித்தருவது. நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தை இருட்டில் விடக்கூடாது என்பது அவர் கட்சி. பாடம் எடுக்க வேண்டியது பெரிய சிஸ்டர்தான் என்றும் அவராகவே முடிவு கட்டிவிட்டிருந்தார்.

"நோயோட பேரைச் சொன்னா பயந்துடுவாங்க டாக்டர். அடுத்த வாரம் ஒருத்தரும் வர மாட்டாங்க."

"இத்தனை நாள் சொல்லாமத்தானே இருந்தோம் சிஸ்டர். எல்லாரும் ஒழுங்கா வர்றாங்களா?"

பாதியில் வருவதை நிறுத்திவிட்டவர்களின் கோப்புகள் மட்டும் இரண்டு அலமாரிக்கு இருந்தன. அடுக்கி வைத்ததே சிஸ்டர்தான்.

"சரி, நான் எதுக்கு? நீங்களே எடுங்களேன்."

"ஜனங்க நம்புறது உங்களை. நான் சொன்னா யாருடா இவன்னு பார்ப்பாங்க."

அது உண்மைதான். மருந்து ஜன்னலில் சிஸ்டர் குரலைக் கேட்டாலே பாதி வியாதி போய்விடுகிறது என்று சொன்னவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாத்திரையைப் போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரில் நான்கு வரி அச்சடித்திருக்கும். பெயர், எத்தனை, எப்போது, எதற்காக. கடைசி வரியைப் பலரும் வெறுமனே விட்டுவிடுவார்கள். பெரிய சிஸ்டர் விடமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளதை உள்ளபடி எழுதினார். 'மனச்சிதைவு நோய்க்கு' என்று எழுதிய கவரை ஒரு பெண்ணின் அண்ணன் ஜன்னலிலேயே நின்று படித்தார். முகம் வெளுத்துப் போய், கவரை அங்கேயே வைத்துவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணை அப்புறம் யாரும் அந்த வாசலில் பார்க்கவில்லை. அன்றோடு சிஸ்டர் மாறிவிட்டார். காதில் கேட்கும் குரல்களை அடக்கும் மாத்திரைக்குத் 'தூக்கத்துக்கு' என்று எழுத ஆரம்பித்தார். இன்னொன்றுக்கு 'நரம்புச் சத்துக்கு'. வேறொன்றுக்குப் 'படபடப்புக்கு'. முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது, அந்த மாத்திரையைப் போட்டால் தூக்கமும் வரத்தான் செய்யும். ஜனங்கள் கவரை வாங்கிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, சிஸ்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். புதிதாக வந்த நர்ஸுகளுக்கும் அவர் இதையே சொல்லிக்கொடுத்தார். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பூசி மெழுகுவதும் ஒரு வைத்தியம் என்று அவர் மனதார நம்பினார். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

முதல் சனிக்கிழமை பதினோரு நாற்காலி போட்டார்கள், ஆறு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவர் எலக்ட்ரீஷியன். அறுபதைத் தாண்டியவர். மகனுக்கு ஒன்பது வருடமாக இங்கேதான் வைத்தியம். வந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்தார். விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, எதையோ திருகிவிட்டு இறங்கினார். விளக்கு நின்று எரிந்தது.

"இப்போ நடத்துங்க சிஸ்டர்" என்றார்.

அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். வீட்டில் மாத்திரை வைத்திருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி. மகனுக்கு வேளா வேளைக்கு அவரே எடுத்துக் கொடுப்பார், வேறு ஒருவர் கையும் அதில் படக்கூடாது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். மனைவி ஆறு வருடமாக மகள் வீட்டில் இருந்தார். மகன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

அந்த மகன், முப்பத்துநான்கு வயதுக்காரன், அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் வேலை பார்த்தவன். இப்போது அப்பாவோடு போய் ஒயரைப் பிடித்துக்கொள்வான்.

"எனக்கு வந்த வியாதிக்கு எங்கப்பாவுக்கு வகுப்பா? நல்லா இருக்கு சிஸ்டர். முடிஞ்சதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது வாரம் நோயின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். டாக்டர் கொடுத்த பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சாக்பீஸைக் கையில் எடுத்தவர் ஒரு தடவை கதவைப் பார்த்துக்கொண்டார். எழுதினார். திரும்பிப் பார்த்தார். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, "இதுக்கு இவ்வளவுதான் பேரா? நாங்க என்னென்னமோ நினைச்சுட்டு இருந்தோம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நிம்மதியில்தான். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஒரு சொல்லிலிருந்து இவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று சிஸ்டருக்கு இருந்தது. பாடம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பலகையை அழிக்காமல் நின்றார்.

மூன்றாவது பாடம் மாத்திரையைப் பற்றி.

"குணமான மாதிரி தெரியும். நல்லா தூங்குவாங்க, வேலைக்குப் போவாங்க, சிரிச்சுப் பேசுவாங்க. இனி எதுக்கு மாத்திரைன்னு தோணும். அப்பதான் நிறுத்துவாங்க. நிறுத்தின உடனே ஒண்ணும் ஆகாது, அதுதான் ஆபத்து. ரெண்டு மாசம், மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வரலாம். முன்னைவிட அதிகமாவும் வரலாம்" என்று சிஸ்டர் படித்துப் படித்து வைத்திருந்ததைச் சொன்னார். பிறகு புத்தகத்தில் இருந்தபடியே, "யார் வீட்டுலயாவது இப்படி நடந்திருக்கா?" என்று கேட்டார்.

எலக்ட்ரீஷியன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"எங்க வீட்டுல நடந்துச்சு. நிறுத்தினது என் சம்சாரம். ஆறு வருஷம் ஆச்சு. பையன் நல்லா இருந்தான், ஆபீஸுக்குப் போய்ட்டு இருந்தான். இவளா நிறுத்திட்டா. மூணாவது மாசம், ஆபீஸ்ல போட்ட படத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு இறங்கிப் போய்ட்டான். பதினோரு நாள் தேடினோம். வேற ஊர் பஸ் ஸ்டாண்டுல கிடைச்சான், செருப்பு இல்லாம, கால் ரெண்டும் புண்ணா. அதுக்கப்புறம் அந்தப் பழைய புள்ளை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்ல."

அவர் சிஸ்டரைப் பார்த்து மரியாதையோடு தலையை அசைத்தார்.

"கேட்டா ஒரு சாக்கு சொன்னா. கவர்ல தூக்கத்துக்குன்னு எழுதியிருந்துச்சாம், நல்லா தூங்குறானே, அப்புறம் எதுக்குன்னு நிறுத்தினாளாம். நான் நேரா சிஸ்டர்கிட்டயே வந்து கேட்டேன். ஞாபகம் இருக்கா சிஸ்டர்? மாத்திரையை நிறுத்தலாம்னு நீங்க சொன்னீங்களான்னு. நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னீங்க. அதோட அவ வண்டவாளம் தெரிஞ்சு போச்சு. இனிமே உன் கையால அவனுக்கு எதையும் கொடுக்காதேன்னு சொல்லிட்டேன்."

ஞாபகம் இருக்கிறதாவது. அன்று ஜன்னலுக்கு வெளியே நீளமான வரிசை. இவர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றார். "நிறுத்தலாம்னு சொன்னீங்களா?" என்ற ஒரு கேள்வியிலேயே என்ன நடந்திருக்கும் என்பது சிஸ்டருக்கு விளங்கிவிட்டது. வீட்டில் ஒரு அம்மா கவரைப் படித்திருக்கிறாள், படித்ததை நம்பியிருக்கிறாள். அந்த நொடியில் வாய் முந்திக்கொண்டது. 'நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே.' அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், சிஸ்டர் அடுத்த சீட்டைக் கையில் வாங்கினார்.

இப்போதும் அதேதான் செய்தார். "ரொம்பக் கஷ்டம் அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மிச்சப் பாடம் எப்படி முடிந்தது என்பது அவருக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கவரின் நான்காவது வரியில் உண்மையை எழுத ஆரம்பித்தார், மற்ற நர்ஸுகளையும் கூப்பிட்டு அப்படியே எழுதச் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது இனி வரப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே போனதற்கு என்ன செய்வது? நாலாவது பாடத்தைப் புரட்டிப் பார்த்தார். 'இந்த நோய் யாருடைய தவறாலும் வருவதில்லை. குடும்பத்தில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லாதீர்கள்' என்று முதல் வரியே அடித்துச் சொன்னது. அடடா, இது போதுமே என்று ஒரு கணம் தோன்றியது. இதை நன்றாக அழுத்திச் சொன்னால் அவரே மனைவியை மன்னித்துவிடுவார், நம் பெயர் வெளியே வராது. அப்படித் தோன்றியதே என்று அடுத்த கணம் உடம்பு கூசியது. செய்யாத தப்புக்கு அந்த அம்மாவுக்கு மன்னிப்பு வாங்கித் தருவதா?

டாக்டரிடம் போய்க் கொட்டிவிட்டார்.

"இப்போ சொன்னா அவர் உடைஞ்சு போவாரோன்னு பயமா இருக்கு" என்றார் சிஸ்டர்.

"பயந்துடுவாங்கன்னுதானே சிஸ்டர் அந்தக் கவரையும் எழுதினீங்க."

டாக்டர் குத்திக்காட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலாவது சனிக்கிழமை வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே வழக்கம்போல எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். மகன் பெஞ்சில் உட்கார்ந்தான். சிஸ்டர் அங்கேயே, நின்றபடியே ஆரம்பித்தார். உட்கார்ந்து சொன்னால் சொல்லாமல் விட்டுவிடுவோமோ என்று பயம்.

"அண்ணா, உங்க சம்சாரம் சொன்னது பொய் இல்ல. அந்தக் கவர்ல தூக்கத்துக்குன்னு எழுதினது நான்தான்."

அவருக்கு உடனே புரியவில்லை. "தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்ல, தெரிஞ்சேதான் எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன், பயப்படக் கூடாதுன்னு. நீங்க அன்னைக்கு வந்து கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. நிறுத்தச் சொல்லலைன்னு மட்டும் சொன்னேன். கவரைப் பத்தி வாயைத் திறக்கல."

எலக்ட்ரீஷியன் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் சிஸ்டருக்குத் தேவலை. நாலு பேர் பார்க்க வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

"அவ அந்தக் கவரை எடுத்துட்டு வந்தா" என்றார் கடைசியில். "மூஞ்சிக்கு நேரா நீட்டினா. படிச்சுப் பாருங்க, படிச்சுப் பாருங்கன்னா. நான் தட்டி விட்டுட்டேன். சிஸ்டரே சொல்லிட்டாங்க, நான் எதுக்குப் படிக்கணும்னு கேட்டேன்."

"நானும்தான் சொன்னேன்" என்றான் மகன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை. "அம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொன்னேன். அப்போ நான் சொல்றதெல்லாம் வியாதி பேசுதுன்னு எழுதிக்கிட்டாங்க."

சிஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் எழுந்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் சிஸ்டர். நாளைக்கு என்கூட வாங்க. அவகிட்ட வந்து சொல்லுங்க."

அன்று அவர் நாலாவது பாடத்துக்கு உட்கார்ந்தார். யார் மேலும் தப்பு இல்லை என்று சிஸ்டர் சொன்ன ஒவ்வொரு தடவையும் குனிந்துகொண்டார்.

மகள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று பேரும் ஏறினார்கள், மகன் மட்டும் மூச்சு வாங்காமல் முன்னால் போனான். கதவைத் திறந்த அம்மா மகனைப் பார்த்துச் சிரித்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மகளும் மருமகனும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். துவைத்து எடுத்த துணி சோபா முழுக்கக் குவிந்திருந்தது. அதில் கொஞ்சத்தை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, அவர் மறுபடி மடிக்க உட்கார்ந்தார். கணவர் கதவோரம் நின்றபடியே இருந்தார்.

சிஸ்டர் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, தனக்காக ஒரு சப்பைக்கட்டும் கட்டவில்லை. அம்மா ஒரு குழந்தைச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"எழுதினதுக்கு எனக்குக் கோபம் இல்ல சிஸ்டர்" என்றார். "நல்லதுன்னு நினைச்சு எழுதியிருப்பீங்க. நானும் நல்லதுன்னு நினைச்சுத்தானே நிறுத்தினேன். எம்புள்ளை தேறிட்டான்னு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஆனா இவரு வந்து கேட்டப்ப உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னீங்களே. அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லாததால ஆறு வருஷம் எம்புள்ளைக்கு என் கையால ஒரு தம்ளர் தண்ணிகூட எங்க வீட்டுல வச்சுக் கொடுக்க முடியல."

"தப்புதான் அக்கா. மன்னிச்சுடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

அம்மா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த துணியை எடுத்தார். சிஸ்டர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குப் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒருத்தர் அதைச் சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அந்த வகுப்பு எந்தக் கிழமை?" என்று அம்மா கேட்டார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு. இன்னும் நாலு பாடம் இருக்கு."

"மாத்திரையைப் பத்தின பாடத்தை எனக்காக ஒரு தடவை திரும்ப எடுப்பீங்களா? அவனுக்கு என்ன கொடுக்கறாங்க, எதுக்குக் கொடுக்கறாங்கன்னு எனக்கு முழுசாத் தெரியணும்."

"எடுக்கிறேன் அக்கா. எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கிறேன்."

கதவோரம் நின்றவர் முகம் தெளிந்தது. இரண்டு எட்டு உள்ளே வந்தார். இடுப்புச் சாவியைக் கழற்றி, மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தப்பெல்லாம் என்னோடதுதான். நான் ஒத்துக்கறேன். வா, வீட்டுக்குப் போலாம். இனிமே நீயே அவனுக்குக் கொடு."

அம்மா சாவியைத் தொடவில்லை.

"வகுப்புக்கு வரேன். அவனுக்காக வரேன். வீட்டுக்கு வரல."

"ஏன்? நீ பொய் சொல்லலைன்னு நான் இப்போ நம்பறேனே. அதான் சொல்லிட்டேனே."

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கணவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"இப்பவும் இவங்க வந்து சொல்லித்தானே நம்பறீங்க."

எலக்ட்ரீஷியன் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மகன் அம்மாவோடு இருந்துவிட்டான், சாயங்காலம் வருவதாகச் சொன்னான். பெரிய சிஸ்டர் அவருக்குப் பின்னால் இறங்கினார். மூன்று மாடியும் இறங்கி, தெருவுக்கு வந்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள்.